மறக்காத ஊரில் மாப்பிள்ளை விசாரணை

பாளையங்கோட்டையில் பம்புசெட் கடை வைத்திருக்கும் கோமதிநாயகம், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, மந்திரவாதிகளும் பூதங்களும் திரிகிற ஓர் ஆன்லைன் விளையாட்டுக்குள் கால் வைத்தார் என்றால் அதற்குத் தாய்மாமன் கடமையைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது. விளையாட்டு என்று அவருக்குத் தெரிந்தது ரம்மி ஒன்றுதான். அதிலும் தோற்றுவிட்டால், சீட்டைச் சரியாகக் கலைக்கவில்லை என்று சண்டை பிடிப்பார்.

தங்கை பிரமநாயகியின் இளைய மகள் மிருதுளாவுக்குக் கோவில்பட்டியிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பையன் பெயர் கௌசிக். ஜாதகம் பொருந்திவிட்டது, இனி விசாரிக்க வேண்டியதுதான் பாக்கி. விசாரிப்பது தாய்மாமன் வேலை. மூத்தவள் சுருதிக்கு மாப்பிள்ளை விசாரித்ததும் இவர்தான். பழைய முறைப்படி மாப்பிள்ளை வீட்டுத் தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்து, வடையைப் பிய்த்துக்கொண்டே கேட்டார். டீக்கடைக்காரர், "பையன் தங்கம்லா அண்ணாச்சி" என்றார். இவரும் வந்து தங்கம் என்றே சொன்னார். அந்த டீக்கடைக்காரர் மாப்பிள்ளைக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா என்பது கல்யாணப் பந்தியில்தான் தெரிந்தது. வருஷம் திரும்புவதற்குள் சுருதி பெட்டியோடு தாய்வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"இந்தத் தடவையும் தங்கம்னு சொல்லிப் பித்தளையக் கொண்டாந்து நிறுத்துனீங்கன்னா, எங்க வீட்டு வாசப்படிய மிதிச்சிராதீங்க, அண்ணே" என்று பிரமநாயகி சொல்லிவிட்டாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. மனைவி போனபின் கோமதிநாயகத்துக்கு வீடு என்று சொல்லிக்கொள்ள மிச்சமிருந்தது தங்கை வீடு ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை அவள் கையால் சோறு தின்றால்தான் அவருக்கு வாரம் முடிந்த மாதிரி இருக்கும்.

ஆனால் எங்கே போய் விசாரிப்பது? கௌசிக் இருப்பது ஒரு பதினெட்டு மாடிக் கட்டடத்தில். பக்கத்து வீட்டுக்காரருக்கு அவன் முகம் தெரியாது. கீழே டீக்கடை இருந்த இடத்தில் ஒரு மிஷின் நிற்கிறது. அதனிடம் டீ கேட்கலாம், பையன் எப்படி என்று கேட்க முடியாது.

வழி சொன்னவர் கல்யாணத் தரகர் ஆவுடையப்பன்.

"அண்ணாச்சி, இப்ப யாரு தெருவுல விசாரிக்கா? எல்லாம் நவகண்டங்கிற ஆன்லைன் விளையாட்டுலதான். பயலுவ எல்லாம் சாயங்காலம் ஆச்சுன்னா அங்கனதானே கெடக்கானுவ. அங்க உள்ள ஊர்க்காரங்க பூரா மிஷினு பாத்துக்கிடுங்க. சத்திரக்காரி, படகுக்காரன், கொல்லன் எல்லாமே. ஆனா அதுக பார்த்ததை மறக்காது. பொய் சொல்லாது. ஒரு ஆளுக்கு ஒரு உருவம்தான், கண்ணு ரேகைய வச்சுப் பூட்டிருவாங்க. தப்பு பண்ணிட்டு அழிச்சிட்டு வேற பேர்ல வர முடியாது. வீடு வாடகைக்கு விடுதவன், வேலைக்கு ஆள் எடுக்கவன், எல்லாவனும் அங்கன போயி ஒரு வார்த்தை கேட்டுட்டுதான் முடிவு பண்ணுதான்."

ஜாதகக் கட்டத்துக்குக் கீழே, நட்சத்திரம், கோத்திரம் எல்லாம் எழுதிய வரிசையில், பையனின் நவகண்டப் பெயரும் இருந்தது. கருங்கழுகு. டீக்கடைக்காரர் சித்தப்பாவாக இருக்க முடியாத ஓர் ஊர்! கோமதிநாயகத்துக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

விளையாட்டைக் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும். அவருக்குத் தெரிந்த ஒரே ஆள் மிருதுளாதான். கல்யாணப் பெண்ணிடமே போய், அவள் மாப்பிள்ளையை வேவு பார்க்கப் பாடம் கேட்க வேண்டிய நிலைமை. "அவளுக்குத் தெரிஞ்சா வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பா" என்று பிரமநாயகி எச்சரித்திருந்தாள். அதனால் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, "கடையில பொழுது போகமாட்டேங்கு மருமவளே, அந்த நவகண்டத்துல என்னதான் இருக்குன்னு ஒரு எட்டு பார்க்கலாம்னு" என்று இழுத்தார்.

அவள் குதிக்கவில்லை. ஏன் எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. "வாங்க மாமா" என்று நாற்காலியில் உட்காரவைத்து விளையாட்டுக் கண்ணாடியை மாட்டிவிட்டாள். அப்போதே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆனால் அவர் அந்த நேரத்தில் மீசை தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, மீசைக்கு எம்புட்டு நேரம்? புதுசா வாரவங்க எல்லாரும் இதத்தான் பண்ணுதாங்க. உருவத்துக்கே பாதிப் புள்ளியச் செலவழிச்சிட்டு, உள்ள போயி கோழி கொத்தினாலே செத்துப்போறாங்க."

"ராசா ஆவணும்னா என்ன செய்யணும்?"

"ராசால்லாம் கெடையாது. நீங்க வைத்தியரா போங்க. வாளத் தூக்கிட்டு வாரவனப் பார்த்தா ஊர்க்காரங்க கதவச் சாத்திருவாங்க. வைத்தியர்னா எல்லாரும் பக்கத்துல வந்து உக்காந்து பேசுவாங்க."

பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேசுவார்கள் என்றதும் கோமதிநாயகம் வைத்தியராகிவிட்டார். பெயர் மருதநாடன். மிருதுளா சொல்லிக்கொண்டே போனாள். அடுத்தவர் வீட்டுப் பானையை உடைத்துக் காசு தேடாதீர்கள், அந்த வீட்டுக்காரி ஆயுசுக்கும் மறக்கமாட்டாள். முதலில் கிடைத்த கத்தியை விற்காதீர்கள். தனியாகக் காட்டுக்குள் போகாதீர்கள். "முதல்துறைன்னு ஒரு துறைமுகத்துல இறங்குவீங்க. அங்க யாராவது புதுசா, தனியா முழிச்சிக்கிட்டு நின்னா அவங்களோட சேர்ந்துக்கிடுங்க. அப்புறம் இன்னொண்ணு மாமா. அங்க வாய அடக்கிப் பேசணும்."

"என் வாய்க்கு என்னட்டி குறைச்சல்?" என்றார் மாமா.

முதல்துறையில் இறங்கியதும் சுற்றுமுற்றும் பார்த்தார். உப்புக்காற்றும் மீன் வாடையும் கண்ணாடிக்குள்ளிருந்து எப்படி வருகிறதென்று புரியவில்லை. எதிரே ஒரு கூடைக்காரன் முட்டிவிட்டுப் போனான். "சவத்து மூதி, பாத்துப் போல!" என்று கத்தினார். வெளியே வந்தது வேறு குரலில், வேறு தமிழில் ஒலித்தது: "அறியாப் பிறவியே, வழி நோக்கி நடப்பாயாக!"

விளையாட்டின் ஏற்பாடு அது. யார் எந்த ஊர்ப் பேச்சில் பேசினாலும் அங்கே ராஜா காலத்துத் தமிழாகத்தான் கேட்கும். பேச்சை வைத்து ஊரைக் கண்டுபிடிக்க முடியாது, குரலை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. விசாரிக்க வந்தவருக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

படித்துறை ஓரமாக ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தார். ஆறரை அடி உயரம், இடுப்பு வரை தாடி, தோளில் கதவு அகலத்துக்கு ஒரு கோடாலி. அந்தக் கோடாலியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீரரே, தாங்கள் புதியவரோ?" என்றார் மருதநாடன்.

"இன்றுதான் வந்தேன், வைத்தியரே. கோடாலிக்கோன் என்பது என் பெயர். இந்தப் பாழும் கருவி காலில் விழுந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன்."

சேர்ந்துகொண்டார்கள். முதல் நாளே ஓர் ஓநாயிடம் இருவரும் உதை வாங்கினார்கள். ஓநாய் வந்தவுடன் மருதநாடன், "சேய், போ, போ!" என்று கையை வீச, விளையாட்டு அதை, "விலங்கே, அகல்வாய்!" என்று மாற்றியது. ஓநாய் அகலவில்லை. கோடாலிக்கோன் கண்ணை மூடிக்கொண்டு கோடாலியைச் சுழற்றியதில் ஒரு மரம் விழுந்து, மரத்துக்கடியில் ஓநாய் செத்தது. தோழருக்குக் காலில் காயம். மருதநாடன் பச்சிலை வைத்துக் கட்டினார். கட்டும்போது, "சூடு கண்ட இடத்தில் காற்றுப்படக் கூடாது, தோழரே" என்று தலையில் துண்டையும் போட்டுவிட்டார்.

நாளாக ஆக இருவரும் ஒட்டிக்கொண்டார்கள். ராத்திரிக் காவலில் ஒருவர் தூங்கினால் மற்றவர் உட்கார்ந்திருப்பார். ஒரு தடவை கொள்ளையர்கள் சுற்றிக்கொண்டபோது, ஓடிவிடும்படி எவ்வளவு சொல்லியும் கேட்காமல், கோடாலிக்கோன் மருதநாடனின் முதுகோடு முதுகு ஒட்டி நின்று அடி வாங்கினார். கடையில் இத்தனை வருஷம் வியாபாரம் செய்து, கோமதிநாயகத்துக்கு அப்படி ஒரு கூட்டாளி வாய்த்ததில்லை. கணப்படுப்பின் முன்னால் மனம்விட்டுப் பேசினார். "எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு வரன், தோழரே. அந்த வீட்டில் ஓர் அத்தை இருக்கிறாளாம். தாய் தகப்பன் வாயில்லாப் பூச்சிகளாம், அத்தை வைத்ததுதான் சட்டமாம்." கோடாலிக்கோன் தாடியைத் தடவிக்கொண்டு, "அத்தைகள் இல்லையென்றால் பல வீடுகள் சாய்ந்துவிடும், வைத்தியரே" என்று மட்டும் சொன்னார்.

இத்தனைக்கும் நடுவில் வந்த வேலையையும் அவர் மறக்கவில்லை. தோழர் கோடாலிக்குச் சாணை பிடிக்கப் போகும்போதெல்லாம் இவர் நைசாக விசாரிக்கப் போய்விடுவார். தோழரும் அதே நேரத்தில் எங்கோ போய்வருகிறார் என்பது இவர் கவனத்தில் படவில்லை.

விசாரிப்பதில் ஒரு முறை இருக்கிறது. நேராகப் போய், "பையன் நல்லவனா?" என்று கேட்டால் எல்லோரும் நல்லவன் என்றுதான் சொல்வார்கள். யாருக்கு வம்பு? அதனால் போட்டு வாங்க வேண்டும். "அந்தப் பையன் குடிப்பானாமே?" என்று நாமே ஒன்றைப் போட வேண்டும். நல்ல பையனாக இருந்தால், "யாரு சொன்னா? அவன் வெத்தலகூடப் போடமாட்டான்" என்று எதிராளி பாய்வார். குடிக்கிறவனாக இருந்தால், "உங்களுக்கும் தெரிஞ்சுபோச்சா?" என்பார். நம் ஊரில் எத்தனையோ கல்யாணங்கள் இப்படித்தான் நின்றிருக்கின்றன, இப்படித்தான் நடந்தும் இருக்கின்றன.

கோமதிநாயகம் சத்திரக்காரியிடம் போட்டார்: "அம்மையே, கருங்கழுகு என்பவன் சூதாடுவானாமே?"

சத்திரக்காரி பாத்திரம் துடைப்பதை நிறுத்தினாள். "நான் கண்டதில்லை, ஐயா. தாங்கள் கூறக் கேட்டேன்."

அவ்வளவுதான். பாயவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. சரி, இவளுக்குத் தெரியாது போலிருக்கிறது என்று படகுக்காரனிடம் போனார். "கூட்டாளிகளை ஆபத்தில் விட்டுவிட்டு ஓடினவனாமே?" அவனும், "நான் கண்டதில்லை, தாங்கள் கூறக் கேட்டேன்" என்றான். கொல்லனிடம், காய்கறிக்காரியிடம், மலைக்கோயில் காவலாளியிடம் எல்லாம் போட்டார். போட்டதெல்லாம் போனதே தவிர ஒன்றும் திரும்ப வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போனபோது சாப்பாடு வாசனையே இல்லை. மிருதுளா கண் சிவந்து உட்கார்ந்திருந்தாள்.

"என்னட்டி ஆச்சு?"

"அந்தப் பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர் வேலை கெடச்சிருந்துச்சுல்லா மாமா, இப்ப சேர வேண்டாம், பொறுன்னுட்டாங்க. நவகண்டத்துல என்னப்பத்திக் கேட்டாங்களாம். செவ்வல்லி கூட்டாளிக பங்கையும் சேத்து அமுக்கிக்கிடுவான்னு அங்கன பேச்சு இருக்காம்."

செவ்வல்லி என்பது அங்கே அவள் பெயர்.

"மிஷினு பொய் சொல்லாதும்பாங்க?"

"பொய் சொல்லல மாமா. 'நான் கண்டதில்லை, ஒருவர் கூறக் கேட்டேன்'னுதான் சொல்லும். கேக்கவங்க முத பாதிய விட்டுட்டு மறு பாதிய மட்டும் எடுத்துட்டுப் போயிருதாங்க. அவங்க அடுத்த ஊர்ல போயி, 'அப்படியாமே'ன்னு கேக்காங்க. அந்த ஊரும் கேட்டு வச்சிக்கிடுது. இப்ப ஒம்பது கண்டத்துலயும் இருக்கு. அது எதையும் மறக்காதுல்லா."

"எவன் கிளப்புனான்னு கேட்டா சொல்லாதா?"

"கேட்டா சொல்லும். யாரு சொன்னான்னு யாரு மாமா கேக்கா?"

கோமதிநாயகத்துக்கு ரத்தம் கொதித்தது. சோறு வேண்டாம் என்று அப்படியே வீட்டுக்குப் போய்க் கண்ணாடியை மாட்டினார். அடுத்தவர் வீட்டுப் பிள்ளையைப் பற்றித் தாமும் ஒன்பது கண்டத்துக்கும் ஒரு செய்தி அனுப்பியிருப்பது அவருக்கு அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை. கோபம் வந்தால் யாருக்குத்தான் தன் முதுகு தெரிகிறது?

கோடாலிக்கோனும் கொந்தளித்துக்கொண்டுதான் நின்றார். "வைத்தியரே, எங்கள் வீட்டுப் பிள்ளையைப் பற்றி எவனோ ஒரு பாதகன் அவதூறு பரப்பியிருக்கிறான்!"

"எங்கள் வீட்டுப் பெண்ணுக்கும் அதே கதி, தோழரே!"

இரண்டு பேரும் கையில் அடித்துச் சத்தியம் செய்தார்கள். தோழர் வீட்டுப் பெண்ணைப் பேசினவன் தலையைக் கோடாலியால் பிளப்பதாகக் கோடாலிக்கோன் சொன்னார். தோழர் வீட்டுப் பிள்ளையைப் பேசினவனுக்கு நஞ்சு கொடுப்பதாக வைத்தியர் சொன்னார். பக்கத்தில் ஆற்றுப்பாலத்தில் ஒரு பூதம் காவல் இருந்தது. பனைமர உயரம். அதுவும் ஊர்க்காரர் கணக்குத்தான், பொய் சொல்லாது. அதன் முன்னால் போய் நின்றார்கள்.

"பூதமே! செவ்வல்லி பங்குப் பொருளை அபகரிப்பவள் என்று முதன்முதல் கூறியவன் எவன்?" என்று கர்ஜித்தார் மருதநாடன்.

பூதம் குனிந்து பார்த்தது. "உமக்கு வலப்புறம் நிற்பவர்."

வலப்புறம் கோடாலிக்கோன் நின்றார். தாடிக்குள்ளே அவர் வாய் திறந்தபடி இருந்தது.

"செவ்வல்லி... தங்கள் வீட்டுப் பெண்ணா?" என்றார் அவர். குரல் கோடாலிக்குப் பொருந்தாமல் மெலிந்துபோயிருந்தது. "நான் அவதூறு பேசவில்லை, வைத்தியரே. விசாரித்தேன். என் தம்பி மகனுக்குப் பேசியிருக்கும் பெண் அவள். நேராகக் கேட்டால் சொல்லமாட்டார்களே என்று சும்மா ஒன்று போட்டுப் பார்த்தேன்."

"தம்பி மகனா? அவன் பெயர்..." என்று தொடங்கிய கோமதிநாயகம் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"கருங்கழுகு. பூதமே, அவனைச் சூதாடி என்றும் கோழை என்றும் கூறியவன் எவன்?"

"தோழரே, அதை இன்னொரு நாள் கேட்டுக்கொள்ளலாம்..."

"உமக்கு இடப்புறம் நிற்பவர்" என்றது பூதம். வஞ்சகமில்லாத பூதம் அது, மேற்கொண்டு ஏதாவது கேள்வி உண்டா என்று ஆவலோடு வேறு பார்த்தது.

 பாலத்தின்மேல் நடந்த சண்டையைப் பார்த்தவர்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். நெல்லைச் சீமை வசவுகள் அத்தனையும் இலக்கணச் சுத்தமாக ஆற்றின்மேல் முழங்கின. கடைசியில் கோடாலிக்கோன் கோடாலியைக் கீழே போட்டுவிட்டுப் பாலத்தில் உட்கார்ந்தார். "நான் சண்முகவடிவு. கோவில்பட்டி. நீர் சொன்ன அந்த அத்தை நான்தான்."

கோமதிநாயகத்துக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. இந்த மனுஷியின் முதுகில் எத்தனை தடவை தட்டியிருக்கிறார்! எத்தனை ஏப்பம் விட்டிருக்கிறார்!

கோபம் ஆற ஆற உண்மை விளங்கியது. பெண்ணுக்கு வேலை போயிருக்கிறது. பையன் கூட்டாளிகள் அவனை விட்டு விலகிவிட்டார்கள், ஓடுகாலியோடு யார் காட்டுக்குள் போவது? இந்த லட்சணத்தில் கல்யாணம் வேறு. இருவரும் முதலில் வதந்தி போட்ட சத்திரத்துக்கே ஓடினார்கள்.

"அம்மையே, நாங்கள் கூறியதை மறந்துவிடுங்கள்" என்று கெஞ்சினார் வைத்தியர்.

"மறக்க எனக்குக் கற்றுத்தரவில்லை, ஐயா" என்றாள் சத்திரக்காரி. "மறக்காத ஊர் வேண்டும் என்று கேட்டது உங்கள் மக்கள்தானே? நான் சேர்த்துச் சொல்ல முடியும், அழிக்க முடியாது. தாங்கள் கூறியது பொய் என்று தாங்களே கூறினால், இனி யார் கேட்டாலும் அதையும் சேர்த்துக் கூறுவேன். ஆனால் தங்கள் பெயரோடு அது நின்றுவிடும்."

"எம்புட்டு நாளைக்கு?" என்றார் கோமதிநாயகம். விளையாட்டு அதை அழகாக மாற்றிச் சொன்னது.

"நான் உள்ளவரை."

அவர் தயங்கினார். தயங்கத்தான் செய்தார். அவர் உள்ளே வந்ததே தன் வாய்ச்சொல்லுக்கு மறுபடி ஒரு மதிப்புத் தேடித்தான். அந்தச் சொல்லுக்கே இப்போது ஆயுசுக்கும் கரி பூசிக்கொள்ளச் சொல்கிறார்கள். அவர் யோசித்து முடிப்பதற்குள் பக்கத்திலிருந்த சண்முகவடிவு, "செவ்வல்லியைப் பற்றி நான் கூறியது பொய். போட்டு வாங்கக் கூறினேன். எழுதிக்கொள் தாயே" என்று சொல்லிவிட்டார். தாடிக்காரரின் தலைக்கு மேல் சிவப்பாக ஒரு பட்டம் எரிந்தது: பொய்யுரைத்தவர். ஒரு பெண்பிள்ளை செய்துவிட்டு நிற்கும்போது மீசை வைத்தவர் எப்படிப் பின்வாங்குவது? இவரும் சொன்னார். இவர் தலையிலும் எரிந்தது.

அதன்பிறகு ஊர் ஊராக நடந்தார்கள். பொய் போவதற்குச் சிறகு உண்டு, ஒப்புக்கொள்வதற்குக் கால்தான். படகுக்காரனிடம், கொல்லனிடம், காய்கறிக்காரியிடம், பனிமலைக்கு அப்பால் இவர்கள் கண்டேயிராத ஊர்களில், யாரோ சொல்லக் கேட்டவர்களிடமெல்லாம் போய், "அது நாங்கள் சொன்ன பொய்" என்றார்கள். வழியில் ஓநாய் கடித்துக் கிடந்த ஒரு போர்வீரனுக்கு மருதநாடன் மருந்து நீட்டினார். அவன் தலைக்கு மேலிருந்த பட்டத்தைப் படித்துவிட்டு, "வேண்டாம் ஐயா, கடியே போதும்" என்றான். கோடாலிக்கோன் வயிறு குலுங்கச் சிரித்தார். இவருக்கு முதலில் ரோஷம் வந்தது, பிறகு இவரும் சிரித்தார்.

வெளியே அவ்வளவு சிரிப்பாக இல்லை. வியாபாரிகள் சங்கத் தேர்தலில் செயலாளர் பதவிக்கு நின்றவரை, "அண்ணாச்சி, நீங்க நவகண்டத்துல பொய்யுரைத்தவராமே" என்று ஒதுக்கிவிட்டார்கள். அவர்களும், தானே ஒப்புக்கொண்டார் என்ற பாதியை விட்டுவிட்டு மறு பாதியை எடுத்துக்கொண்டவர்கள்தான். பம்புசெட்டுக்கு வாரண்டி உண்டு என்று அவர் சொன்னால் வாங்க வந்தவர்கள் கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டார்கள். வாழ்க்கையில் நூற்றுக்கணக்கில் பொய் சொன்ன காலத்தில் நம்பிய ஊர், ஒன்றை ஒப்புக்கொண்டதும் நம்பவில்லை. அவருக்கு அது வலித்தது. ஆனால் மிருதுளாவைப் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார்கள் என்று கேட்ட அன்று கடையில் எல்லோருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தார்.

பெண் பார்க்கக் கோவில்பட்டிக்காரர்கள் வந்தார்கள். காரிலிருந்து கடைசியாக ஓர் அம்மாள் இறங்கினார். ஒல்லியான உருவம், முழங்கால் வலியில் தாங்கித் தாங்கி நடை, அரக்குப் பட்டுச் சேலை. கார்க் கதவைச் சாத்தவே இரண்டு கையும் வேண்டியிருந்தது. வாசலில் நின்ற கோமதிநாயகத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மீசை அங்க இருந்த அளவு இல்லியே" என்றார்.

"கோடாலி எங்க?" என்றார் இவர்.

"வீட்டுல வச்சிட்டு வந்திருக்கேன். பேச்சு முறிஞ்சா எடுத்துட்டு வரலாம்னு."

பஜ்ஜி, கேசரி எல்லாம் முடிந்ததும் பிரமநாயகி அண்ணனை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். மிருதுளாவும் காப்பித் தட்டோடு அங்கே நின்றாள்.

"எல்லாரும் கூடத்துல காத்திருக்காங்க. இப்பவாவது சொல்லுங்க, அண்ணே. இத்தன நாள் உள்ள போயி விசாரிச்சீங்களே, பையன் எப்படி?"

கோமதிநாயகம் சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். 'தங்கம்' என்ற சொல் நாக்கு நுனியில் வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டார்.

"எனக்குத் தெரியாது, பிரமு. அவனப்பத்தி ஒருத்தர்கிட்ட இருந்தும் ஒரு வார்த்தை வாங்க முடியல. நான் போட்ட பொய்ய நானே பொறுக்குனதுதான் மிச்சம். நீ வாசப்படி ஏறக்கூடாதுன்னாலும் சரி. தெரியாததத் தெரியும்னு இன்னொரு தடவை சொல்லமாட்டேன்."

 அண்ணன் வாயிலிருந்து 'தெரியாது' என்ற சொல்லைப் பிரமநாயகி பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. மிருதுளாதான் சிரித்தாள்.

"அவரப்பத்தி உங்ககிட்ட யாரு மாமா கேட்டா? அவர்கிட்ட நானே பேசிட்டேன், சண்டையும் போட்டுப் பார்த்துட்டேன், எனக்குத் திருப்திதான். ஆனா அந்த வீட்டுல அத்தை வச்சதுதான் சட்டம்னு சொன்னாங்க. அத்தைய நான் எங்க போயி விசாரிக்க? அந்த வீட்டுக்காரங்களுக்கும் அதே கவலைதான், இந்த வீட்டு மாமா எப்படிப்பட்ட ஆளோன்னு. அதான் உங்கள நான் துறையில இறக்கிவிட்டேன், அத்தைய அவரு இறக்கிவிட்டாரு, ஒருத்தர ஒருத்தர் பழகிப் பார்க்கட்டும்னு. ரெண்டு பேரும் இப்படி ஒம்பது கண்டத்தையும் கலக்குவீங்கன்னு நாங்க என்னத்தக் கண்டோம்?"

கோமதிநாயகம் திகைத்து நின்றார். வேவு பார்க்கப் போனவரை ஓநாய் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி வேவு பார்த்திருக்கிறார்கள்! திட்டலாம் என்று வாயைத் திறந்தால் சிரிப்புத்தான் வந்தது.

"சிரிக்காம சொல்லுங்க மாமா" என்றாள் மிருதுளா. இப்போது அவள் முகத்தில் விளையாட்டு இல்லை. சுருதி பெட்டியோடு வந்து நின்ற நாளைப் பார்த்த பெண் அவள். "நான் போயி வாழப்போற வீடு அது. அந்த அத்தை எப்படி?"

கூடத்தில் சண்முகவடிவின் குரல் கேட்டது. கேசரியில் முந்திரி குறைவு என்று யாரிடமோ நியாயம் பேசிக்கொண்டிருந்தார்.

"வாய் நீளம்" என்றார் கோமதிநாயகம். "பொய் சொல்லுவா. மாட்டிக்கிட்டா, மறைக்கமாட்டா. எனக்கு முந்தி ஒத்துக்கிட்டு, காலு வலிக்க வலிக்க ஊர் ஊரா நடந்து, சொன்ன ஒவ்வொருத்தர்கிட்டயும் பொய்னு சொல்லிட்டு வருவா. நீ போ தாயி. பயப்படாம போ."